மேடையில் தாய்நாட்டைத் தாங்கிய ஹெலெனா மொஜெஸ்கா அம்மையார்

ஒரு தேசத்தாருக்கு அரசும் சேனையும் கொடியும் இருக்குமாயின், அயல்நாடுகளில் அவர்கள் பெயரை நிலைநிறுத்த ஸ்தானாபதிகள் இருப்பார்கள். அவர்கள் யார், எத்தன்மையர் என்று உலகத்தார் கேட்பின், விடை சொல்ல ராஜாங்கக் காரியாலயங்கள் இருக்கும். இவை யாவும் பறிபோய்விட்ட ஒரு ஜனசமூகத்துக்காகக் கடல் கடந்த நாட்டில் விடை சொல்வார் யார்? இக்கேள்விக்குப் போலந்து தேசத்தின் சரித்திரம் தரும் விடைகளுள் ஒன்று வியக்கத்தக்கது. படை நடத்திய தளகர்த்தர் அல்லர். சட்டம் கற்ற ராஜதந்திரியும் அல்லர். நாடகமேடையில் வேஷம் புனைந்து நடித்த ஒரு மாது, ஏறக்குறைய முப்பது வருஷகாலம் அமெரிக்க ஜனங்களின் கண்முன் போலந்தின் முகமாக விளங்கினார். அவரே ஹெலெனா மொஜெஸ்கா அம்மையார். 1909-ம் வருஷத்தில் காலஞ்சென்ற இவ்வம்மையாரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும், அவர்தம் குடும்பத்தாரும், சிறப்பாகப் பெண்மக்களும் அறிந்துகொள்வது நலம் என்று கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

போலந்தின் நிலை

முதற்கண் அத்தேசத்தின் நிலையைச் சிறிது கூறல் வேண்டும். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய இராச்சியங்களுள் ஒன்றாக விளங்கிய போலந்தை, அண்டை வல்லரசுகளாகிய ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்பவை 1772, 1793, 1795 ஆகிய வருஷங்களில் துண்டு துண்டாக அபகரித்துக்கொண்டன. அதுமுதல் 1918 வரையில் 123 வருஷகாலம் தேசப்படத்தில் போலந்து என்னும் சுயாதீன அரசு இல்லாது போயிற்று. ஆயினும் அத்தேசத்து ஜனங்கள் அழியவில்லை. அவர்கள் பாஷையும் அழியவில்லை. 1830-லும் 1863-லும் ரஷ்ய ஆட்சியை எதிர்த்து அவர்கள் செய்த கலகங்கள் இரண்டும் கடுமையாக அடக்கப்பட்டன. பின்னைய கலகம் ஒடுங்கியபின், ரஷ்யப் பகுதியில் பள்ளிக்கூடங்களிலும் அரசாங்கக் கச்சேரிகளிலும் போலிஷ் பாஷையின் இடத்தை ரஷ்ய பாஷை கைக்கொண்டது. தலைநகராகிய வார்சாவில் ஜனங்கள் திரளாகக் கூடித் தம் தாய்மொழியை வெளிப்படையாகக் கேட்பதற்கு எஞ்சிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் நாடகசாலை ஒன்று. ஆதலின் அந்நாட்டில் நடிகர் என்பார் பொழுதுபோக்குக் காட்டுவோர் மட்டும் அல்லர். பாஷையைக் காத்துவந்த காவலரும் ஆவர். இதனை மனத்தில் வைத்துக்கொண்டே மேல்வரும் வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

நம் அம்மையார் 1840-ம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ந் தேதி கிராக்கோவ் நகரத்தில் பிறந்தார். அன்னையார் யூசெஃபா பெண்டா என்பவர், ஒரு வியாபாரியின் கைம்பெண். பல மக்களைத் தனியே வளர்த்தவர். ஹெலெனாவுக்கு ஆறு வயதாயிருந்த காலை, அதுவரை சுயேச்சை நகரமாயிருந்த கிராக்கோவ் 1846-ல் ஆஸ்திரியாவோடு சேர்க்கப்பட்டது. 1848-ல் ஆஸ்திரியப் படையினர் நகரத்தின்மேல் பீரங்கி சுட்டதை ஏழு வயதுக் குழந்தையாகக் கண்டார். 1850-ல் நகரத்தில் மூண்ட பெருந்தீ அன்னையாரின் சொத்தை அழித்துவிட, செல்வத்தில் இருந்த குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. அன்னையாரின் முதல் விவாகத்துப் புதல்வருள் இருவர் நாடகத் தொழிலிற் புகுந்தனர். அவர்களைப் பார்த்துப் பார்த்தே இப்பெண்ணுக்கும் மேடையின்மேல் வேட்கை பிறந்தது.

குடும்பத்தோடு பழகிவந்த குஸ்தாவ் ஸிமாயெர் என்னும் முதியவர் அவருக்கு நூல்களைக் கற்பித்தார். பின்னர் அவரையே கணவராகக் கொண்டு ஹெலெனா வாழலானார். உப்புச் சுரங்கத்தால் பெயர்பெற்ற போக்னியா என்னும் சிற்றூரில், சுரங்க விபத்தில் இறந்தோரின் குடும்பங்களுக்குப் பொருள் சேர்க்கும்பொருட்டு 1861-ல் நடத்தப்பட்ட நாடகத்தில் முதன்முதல் மேடையேறினார். தருமத்துக்காக ஆடிய அந்த ஆட்டமே அவர் தொழிலின் தொடக்கம். ஸிமாயெர் நாடகத்துக்கென மொட்ஷெயெவ்ஸ்கி என்னும் பெயரைத் தரித்துக்கொள்ள, அப்பெயரின் பெண்பாலாகிய மொட்ஷெயெவ்ஸ்கா என்பது ஹெலெனாவின் பெயராயிற்று. சிறு குழுவொன்றோடு ஊர் ஊராகச் சென்று நடித்தார்.

இக்காலத்தில் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. ஸிமாயெருக்கு முன்னரே மனைவி உண்டென்பதும், ஆகவே தம் விவாகம் செல்லாது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. பெண் குழந்தையொன்று 1865-ல் இறந்தது. அவ்வருஷத்திலேயே ஹெலெனா அவரை விட்டு நீங்கிக் கிராக்கோவுக்குத் திரும்பினார். மகன் ருடால்ஃப் சில வருஷங்கள் தந்தையின் வசத்திலேயே இருக்க நேர்ந்து, பின்னரே தாயிடம் வந்து சேர்ந்தான். ஆதரவற்ற இளம்பெண்ணொருத்தி, அதுவும் மேடையில் நடிப்பவள், இத்தகைய நிலையில் ஊராரின் வாய்க்கு எவ்வளவு எளிதாகப் பலியாவாள் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர் வாய் திறந்து எதிர்வாதம் செய்யவில்லை. தொழிலில் மேன்மேலும் தேர்ச்சி பெறுவதையே தம் விடையாகக் கொண்டார்.

வார்சாவில் அடைந்த கீர்த்தி

1868-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கரோல் ஹ்வபோவ்ஸ்கி என்னும் கனவானை அம்மையார் விவாகம் செய்துகொண்டார். அவர் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். 1863-ம் வருஷத்துக் கலகத்தில் ஈடுபட்டுப் பிரஷ்யச் சிறையில் இருந்தவர். பத்திரிகைத் தொழிலில் பழகியவர். உயர்குடிப் பிறந்தார் ஒருவர் நடிகையை மணத்தல் அந்நாளில் எளிய காரியமன்று. அவ்விருவரும் நாற்பது வருஷங்கள் இணைபிரியாது வாழ்ந்தனர்.

விவாகமான அடுத்த மாதத்தில் அம்மையார் வார்சாவில் முதன்முதல் நடித்தார். நாடகத்தின் பெயர் அட்ரியென் லெகூவ்ரெர், பிரெஞ்சுக்காரர் எழுதியது, ஒரு நடிகையின் காதலையும் மரணத்தையும் கூறுவது. அந்த ஓரிரவில் நகரம் அவர் வசமாயிற்று. 1869 முதல் 1876 வரையில் வார்சாவின் தலைமை நடிகையாக விளங்கினார். ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியா, ஜூலியட், டெஸ்டிமோனா ஆகிய பாத்திரங்களைப் போலிஷ் பாஷையில் நடித்தார். அவருடைய வீட்டில் எழுத்தாளரும் சித்திரக்காரரும் வாரந்தோறும் கூடினர். பிற்காலத்தில் 1905-ம் வருஷத்து நோபல் பரிசைப் பெற்ற ஹென்ரிக் ஷென்கியெவிச் அவர்களுள் ஓர் இளைஞர்.

ஆயினும் அப்புகழுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லை. ரஷ்யத் தணிக்கை அதிகாரிகள் ஒவ்வொரு நாடகத்தையும் வரிவரியாகச் சோதித்தனர். நாடகசாலைக்குள் பொறாமையும் சூழ்ச்சியும் மலிந்தன. கலகத்தில் ஈடுபட்ட கணவர்மேல் அரசாங்கத்தாரின் கண் இருந்தது. அம்மையாரின் தேகமும் தளர்ந்தது. இவையெல்லாம் சேர்ந்து, கடலுக்கு அப்பால் ஒரு புது வாழ்க்கையைத் தேடுமாறு அவர்களைத் தூண்டின.

அனஹைம் பண்ணை

1876-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தம்பதிகள் மகனையும் சில நண்பர்களையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். ஷென்கியெவிச் முன்னரே சென்று இடம் பார்த்துவைத்தார். கலிபோர்னியாவின் தென்பகுதியில் அனஹைம் என்னும் ஊரில், கற்றோர் சிலர் கூடித் தம் கையால் உழுது, மாலையில் நூல் கற்று வாழும் ஒரு குடியிருப்பை அமைப்பது அவர்கள் நோக்கம். அனஹைம் ஜெர்மானியர் குடியேறிய ஊர். ஆங்கிலம் அறியாத இவர்களுக்கு ஜெர்மன் பாஷை தெரியுமாதலால் அவ்வூரைத் தேர்ந்தனர்.

கனவு அழகியது, நிலமோ கனவுக்கு விளைவதன்று. அவர்களுள் வேளாண்மை அறிந்தவர் ஒருவரும் இலர். பசுக்கள் பல இருந்தும் பால் கறக்க அறிந்தவர் இல்லாமையால், பாலையும் வெண்ணெயையும் அயலாரிடத்தில் விலைக்கு வாங்கினர். கொண்டுவந்த பொருள் சில மாதங்களில் கரைந்தது. நண்பர்கள் ஒவ்வொருவராகப் பிரியலாயினர். குடும்பத்தைத் தாங்குவதற்கு எஞ்சியது அம்மையாரின் தொழில் ஒன்றே. அத்தொழிலுக்கு உயிராகிய பாஷையோ அந்நாட்டில் செல்லாத நாணயம்.

ஆங்கிலம் கற்று மேடையேறியது

அம்மையாருக்கு அப்போது வயது 36. தம் நாட்டில் முதன்மை பெற்றிருந்த ஒருவர், அந்த வயதில், அயல் பாஷையை எழுத்திலிருந்து தொடங்கிக் கற்று, அதிலேயே நடித்துப் பிழைக்கத் துணிந்தார். சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சென்று, சில மாதங்கள் இரவும் பகலும் பாடம் கேட்டார். நாடகசாலை நிர்வாகிகளோ, பெயரும் தெரியாத இந்த அயல்நாட்டு மாதுக்கு இடங்கொடுக்க மனமின்றிப் பலமுறை தட்டிக்கழித்தனர். ஈற்றில் ஒரு காட்சியை நடித்துக் காட்ட அனுமதி கிடைத்தது. அதனைக் கண்டபின் தட்டிக்கழிக்க அவர்களாலும் இயலவில்லை.

1877-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, கலிபோர்னியா தியேட்டரில், வார்சாவைத் தம் வசமாக்கிய அதே அட்ரியென் லெகூவ்ரெர் நாடகத்தில், ஆங்கிலம் பேசி நடித்தார். சபையோர் ஆரவாரித்தனர். அவ்வருஷம் டிசம்பரில் நியூயார்க் நகரத்தில் நடித்தார். பின்னர் அமெரிக்காவின் பல நகரங்களுக்கும் சென்றார். 1880 முதல் 1882 வரையில் லண்டனில் நடித்து ஆங்கிலேயரின் மதிப்பையும் பெற்றார். மீண்டும் அமெரிக்கா சென்று, ரோஸலிண்ட், வயோலா, இமோஜென், போர்ஷியா, லேடி மக்பெத், கிளியோபாத்ரா முதலிய ஷேக்ஸ்பியர் பாத்திரங்களைத் தமக்கே உரியனவாக்கிக்கொண்டார். 1883-ல் இப்ஸென் இயற்றிய பொம்மை வீடு என்னும் நாடகத்தை, முடிவு மாற்றப்பட்ட ஒரு வடிவில், லூயிவில் நகரத்தில் நடித்துக் காட்டினார். அந்நகரத்து மிட்டாய் வியாபாரி ஒருவர் தாம் செய்த புதுவகை மிட்டாய்க்கு இவ்வம்மையார் பெயரையே இட்டார். 1889-90-ல் அமெரிக்க நடிகருள் தலைவராகிய எட்வின் பூத் என்பவரோடு சேர்ந்து நாடெங்கும் நடித்தார்.

விட்டதும் விடாததும்

பிறநாட்டில் புகழ் பெறுவோர் அதற்கு விலையும் கொடுக்கின்றனர். மொட்ஷெயெவ்ஸ்கா என்னும் பெயர் அமெரிக்கரின் நாவுக்கு வாராதென்று, மொஜெஸ்கா எனக் குறுக்கினர். கணவரின் குடும்பப் பெயரோ அதனினும் கடினம். அவரைப் பொஸெண்டா பிரபு என்றும், அம்மையாரைப் பிரபுவின் மனைவி என்றும் விளம்பரத்தார் பறைசாற்றினர். அவர் நிலக்கிழார் குடும்பத்தவரேயன்றிப் பிரபுப் பட்டம் உடையவர் அல்லர். தூரதேசத்துச் சீமாட்டி வேடிக்கையாக வந்து நடிக்கிறாள் என்றால் சீட்டு அதிகமாக விற்கும் என்பது வியாபாரிகளின் கணக்கு. ஒரு தேசத்து மாது அயல்நாட்டு மேடைக்கு வருங்கால், அவளைக் கலைஞராகப் பார்ப்பதற்கு முன் காட்சிப்பொருளாகப் பார்க்க விரும்புவோர் எக்காலத்தும் உளர்.

இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் விடாதன எவை என்று பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எத்துணைத் தேர்ச்சி பெற்றும், அவர் பேச்சில் போலிஷ் சாயல் இறுதிவரை நீங்கவில்லை. ஜூலியட் பேசினாலும் போர்ஷியா பேசினாலும், இவர் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர் என்பதைச் சபையோர் ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டனர். எந்த நாடு என்று கேட்டவர்களுக்குத் தேசப்படத்தில் இல்லாத ஒரு பெயரையே விடையாகச் சொன்னார். ரஷ்ய நடிகை என்றோ ஆஸ்திரிய நடிகை என்றோ தம்மைச் சொல்லிக்கொண்டிருந்தால் விளங்கவைப்பது எளிதாயிருக்கும். அவ்வாறு அவர் சொல்லவில்லை. 1883-ல் தம்பதிகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின்னரும் போலந்தின் மகள் என்னும் உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

இவரைப்பற்றி ஒரு கதை வழங்குகின்றது. ஒரு விருந்தில், போலிஷ் பாஷையில் ஏதேனும் சொல்லிக் காட்டுமாறு அயல்நாட்டார் வேண்ட, அம்மையார் எழுந்து சோகரசம் ததும்ப ஏதோ சொன்னார். பொருள் அறியாமலே கேட்டோர் கண்ணீர் உகுத்தனர். அவர் சொன்னது போலிஷ் அரிச்சுவடியே என்று பின்னர்த் தெரிந்ததாம். கதை எவ்வளவு மெய்யாயினும் ஆகுக. வார்சாப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட எழுத்துக்களை, கடல் கடந்த சபையொன்று கண்ணீரோடு கேட்டது என்னும் நினைவு போலிஷ் மக்களுக்கு எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தாய்நாட்டோடு கொண்ட தொடர்பு

அம்மையார் நாட்டைத் துறந்து பொன்னைத் தேடிப் போய்விட்டார் என்று போலந்தில் குறைகூறியோர் உண்டு. அவரோ பலமுறை திரும்பிவந்து கிராக்கோவ், லிவிவ், வார்சா முதலிய நகரங்களில் தாய்மொழியில் நடித்தார். வார்சாவில் ஒருமுறை, பள்ளி மாணவர் பதினெழுவர் போலந்தின் வெண்மையும் செம்மையுமாகிய நாடாவால் கட்டிய பூச்செண்டு ஒன்றை அவருக்குக் கொடுத்தனர். அதனை ராஜத்துரோகக் கிளர்ச்சி என்று கொண்ட அதிகாரிகள், அவர்களைப் பள்ளியினின்று நீக்கி, வேறெப்பள்ளியிலும் சேராதபடி தடுத்தனர். மாணவருள் ஒருவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் சவ அடக்கத்துக்கு அம்மையார் சென்றிருந்தார். ஒரு முழ நாடாவுக்கு ஓர் உயிர் விலையான நாடு அது.

பிறருக்கு அவர் செய்த உதவிகளும் இத்தொடர்பின் பகுதியே. ஸாகோபானே என்னும் மலையூரில் ஏழைப் பெண்கள் லேஸ் பின்னும் தொழிலைக் கற்கப் பள்ளி அமைவதற்குத் துணைசெய்தார். 1884-ல் 24 வயது நிரம்பாத, பணமும் பெயரும் இல்லாத ஓர் இளம் பியானோ வித்துவானின் திறமையைக் கண்டு, கிராக்கோவில் அவனுடைய கச்சேரியில் தாமும் தோன்றி ஒரு பாகம் வாசித்தார். அம்மையாரின் பெயருக்காகக் கூட்டம் திரண்டது; சேர்ந்த பொருளைக்கொண்டு அவ்விளைஞன் வியன்னா சென்று மேற்கல்வி பயின்றான். அவனே இக்னாசி பதெரெவ்ஸ்கி. உலகப் புகழ் பெற்ற அவர், முதல் மகாயுத்தகாலத்தில் அமெரிக்கா முழுவதும் போலந்தின் விடுதலைக்காகப் பேசினார். 1919-ல் புதிய போலந்தின் பிரதம மந்திரியாகி வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அம்மையார் அன்று விதைத்த விதை எவ்வளவு பெரிய மரமாயிற்று என்பதைக் காண அவர் உயிரோடு இல்லை.

மகன் ருடால்ஃப் பாரிஸ் நகரத்தில் பொறியியல் கற்று, ரால்ஃப் மொஜெஸ்கி என்னும் பெயரோடு அமெரிக்காவின் சிறந்த பாலம் கட்டுவோருள் ஒருவரானார். 1926-ல் திறக்கப்பட்ட ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பெரும் தொங்குபாலம் அவர் தலைமையில் கட்டப்பட்டது. தாய் இரு தேசத்தாரின் மனங்களுக்கிடையே பாலமிட்டார். மகன் ஆறுகளின்மேல் பாலமிட்டார்.

சிகாகோ சபை

1893-ம் வருஷத்தில் சிகாகோ நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. சுவாமி விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை அதனையொட்டிக் கூடியதே என்பதை நம் அன்பர்கள் அறிவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன், மே மாதத்தில், அப்பொருட்காட்சியையொட்டியே உலகப் பெண்களின் மகாசபையும் கூடிற்று. ரஷ்யப் பகுதியினின்று வரவேண்டிய போலிஷ் மாதர், அரசாங்கத்துக்கு அஞ்சி வாராதிருந்தனர். அவர்களுடைய இடம் வெறிதாய்க் கிடக்க, அம்மையார் அவ்விடத்தில் எழுந்தார்.

அன்று அவர் முகத்தில் வேஷம் இல்லை. பிறர் எழுதிய வசனமும் இல்லை. பங்குபோடப்பட்ட தேசத்தில் போலிஷ் பெண்கள் படும் பாட்டையும், அடக்குமுறைக்கு நடுவே தம் மக்களுக்குப் பாஷையையும் தேசநினைவையும் அவர்கள் ஊட்டி வளர்ப்பதையும் எடுத்துரைத்து, ஆள்வோரின் கொடுமையை ஒளிக்காது கண்டித்தார். பதினாறு வருஷங்களாக அயல் பாஷையில் நடித்துச் சேர்த்த மதிப்பனைத்தும் அன்று அவர் சொல்லுக்குப் பின்னே நின்றது. பெயரறியாத ஒருவர் பேசியிருந்தால் ஒரு நாளில் மறக்கப்பட்டிருக்கும்; மொஜெஸ்கா பேசியமையால் பத்திரிகைகள் எழுதின; ரஷ்ய அரசாங்கமும் கேட்டது.

விலை உடனே கேட்கப்பட்டது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட நாடெங்கும் அவர் நுழைதல் தடுக்கப்பட்டது. வார்சா மேடை, அவரை அவராக்கிய மேடை, அவருக்கு அடைபட்டது. தடையை நீக்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. உயிருள்ளவரை அது நீங்கவுமில்லை. ஆஸ்திரியப் பகுதியாகிய கிராக்கோவிலும் லிவிவிலும் அதன்பின் நடித்தார். ஒரு நடிகைக்குத் தன் பாஷை பேசும் முதன்மையான சபையை இழப்பதினும் பெரிய இழப்பு வேறில்லை. அதனை அறிந்தே அவர் பேசினார் என்று நாம் கருதுகின்றோம்.

அந்திமகாலம்

கலிபோர்னியாவின் மலைச்சாரல் ஒன்றில் 1888-ல் அம்மையார் நிலம் வாங்கி, வீடு கட்டி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் வனத்தின் பெயரால் ஆர்டன் என்று அதற்குப் பெயரிட்டார். பண்ணை வாழ்வில் முதலில் தோற்ற அதே நாட்டில், கலையால் ஈட்டிய பொருளைக்கொண்டு ஓர் இல்லம் சமைத்துக்கொண்டார். 1897-ல் பக்கவாதம் தாக்கியும் மீண்டும் எழுந்து மேடையேறினார். 1905-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா ஹவுஸில் அவருக்குப் பெரியதொரு பாராட்டு விழா நடந்தது. அதனை முன்னின்று ஏற்பாடு செய்தவர், முன்னொரு நாள் அம்மையாரால் கைதூக்கி விடப்பட்ட பதெரெவ்ஸ்கியே. விபத்தொன்றில் நோயுற்றமையால் அவர் நேரில் வர இயலவில்லை.

1909-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 8-ந் தேதி, கலிபோர்னியாவில் நியூபோர்ட் கடற்கரையில் அம்மையார் உயிர்நீத்தார். அவர் தேகம் அங்குத் தங்கவில்லை. கடலையும் கண்டத்தையும் கடந்து கிராக்கோவ் சேர்ந்து, ஜூலை மாதத்தில், பெருந்திரளான ஜனங்கள் சூழ, அந்நகரத்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய சுயசரிதம் 1910-ல் வெளிவந்தது. கிராக்கோவின் பழைய நாடகசாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கலிபோர்னியாவில் ஒரு மலைச்சிகரமும் ஒரு பள்ளத்தாக்கும் அவர் பெயரால் வழங்குகின்றன; ஆர்டன் இல்லம் சரித்திரச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றது. அவர் வாழ்க்கையைத் தழுவி அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் எழுதிய நாவல் 2000-ம் வருஷத்தில் அந்நாட்டுத் தேசியப் புத்தகப் பரிசைப் பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் ஓர் ஐயம் எழக்கூடும். இவ்வம்மையார் அமெரிக்கருக்குக் காட்டிய போலந்து, பட்டாடையும் இலக்கியமும் உடைய உயர்ந்தோரின் போலந்தன்றோ? அக்காலத்தில் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் கூலிவேலை செய்ய அந்நாட்டுக்குச் சென்ற போலிஷ் குடியானவர் எண்ணிறந்தோர். அவர்கள் முகம் அந்த மேடையில் தோன்றிற்றா? தோன்றவில்லை என்பதே உண்மை. ஒருவர் ஒரு தேசத்தின் முகமாக நிற்கும்போது, அத்தேசத்தின் பல முகங்கள் பின்னே மறைந்துவிடுகின்றன. இது அவர்மீது மட்டும் ஏற்றத்தக்க குற்றமன்று. அத்தகைய நிலைக்கே இயல்பாகிய குறை. ஆயினும் தம் கூலிக்காரரை ஏளனம் செய்த நகரத்தில், தம் தேசத்து மாது ஒருவருக்குச் சபை எழுந்து நின்று கைகொட்டியதை அறிந்த தொழிலாளி ஒருவன், தலைநிமிர்ந்து நடந்திருப்பான் என்பதையும் மறுக்கலாகாது.

மற்றொன்று. நடிப்புத் தொழிலில் உள்ள மாதரை இழிவாக நோக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சிற்சில இடங்களில் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. ஸ்தானாபதி இல்லாத தேசத்துக்கு ஸ்தானாபதியாக நின்ற இவ்வம்மையாரின் சரிதம் அவ்வழக்கத்துக்குத் தக்க மறுப்பாகும்.

இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்களும் கடல் கடந்து பற்பல தேசங்களில் வாழ்கின்றனர். அவ்விடத்துப் பாஷையைப் பேசி, அவ்விடத்தார் நாவுக்கேற்பத் தம் பெயரைக் குறுக்கிக்கொள்வோரும் அவர்களுள் உளர். அதனால் அவர்கள் தம்மை இழந்துவிட்டனர் என்று பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை. பெயரில் சில எழுத்துக்கள் குறைவதால் பிறந்த நாடு குறைந்துவிடாது. அயல்நாட்டில் ஈட்டிய மதிப்பைத் தமக்கென்றே பூட்டி வைத்துக்கொள்கிறார்களா, தம்மவருக்கு நாவில்லாத வேளையில் அதனைச் செலவிடத் துணிகிறார்களா என்பதே பார்க்கத்தக்கது. ஹெலெனா மொஜெஸ்கா அம்மையார் ஒரே நாளில் அதனைச் செலவிட்டார். அதற்கு விலையாக வார்சாவை இழந்தார். அவர் மறைந்த ஒன்பது வருஷங்களுக்குப்பின் போலந்து மீண்டும் தேசப்படத்தில் ஏறியது. ஏறிய அப்பெயரை அமெரிக்க ஜனங்கள் புதிதாகக் கேட்கவில்லை; முன்னரே ஒரு மாதின் வாயிலாகக் கேட்டிருந்தார்கள்.